கீறலுக்குக் காரணம்

தம்பி, கதவைத் திறந்துடாதீங்க. உள்ளே பாட்டு நடக்குது. நடுவில யாராவது நுழைஞ்சா மேடையில நிக்கறவங்களுக்குக் கவனம் சிதறிடும். இந்தப் பாட்டு முடியட்டும், கைதட்டும்போது போயிடலாம். அதுவரைக்கும் இப்படி உக்காருங்க. பெஞ்சு ஆடும், ஆனா விழாது.

யாரைப் பாக்க வந்தீங்க? அம்மாவா? குழுவில பாடறாங்களா? எந்த வரிசை? ரெண்டாவது வரிசை. சரி சரி, கூட்டத்தோட பாடறவங்க. என் வீட்டுக்காரம்மா தனியாப் பாடறாங்க. வெளியில போர்டுல பாத்திருப்பீங்களே, சுகுணா தாயுமானவன்னு. அந்தத் தாயுமானவன் நான்தான்.

நான் ஏன் வெளியில உக்காந்திருக்கேன்னு பாக்கறீங்க. உள்ளே ஏசி சரியில்லை. அதுவும் இல்லாம அந்த ஸ்பீக்கர். இடது பக்கத்து ஸ்பீக்கர்ல ஒரு கரகரப்பு இருக்கு. மத்தவங்க காதுக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும். பாலிடெக்னிக்ல எலெக்ட்ரிகல் துறைத் தலைவரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஒரு மெஷின் தப்பாப் பேசினா என்னால சும்மா உக்காந்திருக்க முடியாது.

உங்களுக்கு ரெக்கார்டு பிளேயர் பத்தி ஏதாவது தெரியுமா? தெரியாதா? நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்ட சொல்லிப் புரிய வைக்கறதுதான் கஷ்டம்.

ரிட்டயர் ஆனதும் எல்லாரும் என்ன பண்ணுவாங்க? காலையில பார்க்ல நடப்பாங்க, சாயங்காலம் கோயில் பிராகாரத்துல நடப்பாங்க. எனக்கு நடக்கறதுல நம்பிக்கை இல்லை. உக்காந்து நல்ல சங்கீதம் கேக்கணும்னு முடிவு பண்ணினேன். செல்போன்ல கேக்கறது சங்கீதமே இல்லை தம்பி. கறுப்புத் தட்டு சுத்தணும், அதுல ஊசி இறங்கணும், அதுதான் சங்கீதம். சென்னையிலிருந்து ஒரு பழைய பிளேயர் வரவழைச்சேன். பழைய சாமான் கடைகள்ல தேடிப் புடிச்சு ரெக்கார்டு சேத்தேன். வீணை, நாகஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு, எல்லாம் இருந்துச்சு.

முதல் நாள் ரெக்கார்டைப் போட்டா, ஊசி குதிக்குது. பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவுது. நான் பதறலை. யோசிச்சேன். ஊசி ஏன் குதிக்குது? கனம் போதலை. அந்தக் கை இருக்கு பாருங்க, ஊசியைத் தாங்கற கை, அது மேல ஒரு பழைய அஞ்சு ரூபா காசை வெச்சு டேப் ஒட்டினேன். கனமா இருக்குமே, அந்தக் காசு. ஊசி அப்படியே அடங்கிப் போச்சு. குதிக்கவே இல்லை. சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவ என்ன பண்ணினா தெரியுமா? பாராட்டலை. பெட்டியோட வந்த சின்ன இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கறா.

"ஏங்க, ஊசியோட எடை ரெண்டு கிராம் இருக்கணும்னு போட்டிருக்கே. இந்தக் காசு அதைவிட ரொம்ப ஜாஸ்தி இருக்காது?"

நான் சிரிச்சேன். "சுகுணா, அதை எழுதினவன் அவன் ஊருக்கு எழுதினான். அங்க தூசி கிடையாது. இது திருச்சி" அப்படின்னேன். அவ தமிழ் பி.ஏ. அவளைச் சொல்லிக் குத்தமில்லை.

கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் வீணை ரெக்கார்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா, மேல சாம்பல் பூசின மாதிரி ஒரு வெளுப்பு. போட்டுக் கேட்டா, வீணைக்குப் பக்கத்துல யாரோ அப்பளம் பொரிக்கற மாதிரி சத்தம். மறுநாள் நாகஸ்வரத்துலயும் அதே. ரெக்கார்டுல கீறல் விழுது!

வேற ஆளா இருந்தா பிளேயரைத் தூக்கிக் கடைக்கு அனுப்பியிருப்பான். நான் அப்படி இல்லை. குறை கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கு தம்பி, அதை எத்தனையோ பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். எது எது மேல சந்தேகமோ அதையெல்லாம் ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வரணும். கடைசியில எது மிஞ்சுதோ அதுதான் குறை. அவசரப்படக் கூடாது. முக்கியமா, மனுஷங்களை விட்டுட்டு மெஷினைச் சந்தேகப்படக் கூடாது.

முதல் சந்தேகம் தூசி. எங்க வீட்டுல பெருக்கித் துடைக்க ராணியம்மா வருவாங்க. அவங்க விளக்குமாத்தை வீசற வீச்சுல தூசி எழும்பி ரெக்கார்டு மேல உக்காருது. "ஹாலைப் பெருக்க வேண்டாம்"னு சொல்லிட்டேன். அந்தம்மாவுக்குச் சந்தோஷம். பத்துப் பதினஞ்சு நாள்ல ஹால்ல நடந்தா காலடித் தடம் தெரிஞ்சுது. கீறல் நிக்கலை. சரி, தூசி இல்லைன்னு முடிவாச்சு.

அடுத்தது ஃபேன். காத்து ஊசியைத் தள்ளுது. ஃபேனை நிறுத்தினேன். சித்திரை மாசம், திருச்சி. உங்களுக்குத் தெரியாததா? நான் வேர்வை வழிய உக்காந்து கேட்டேன். சுகுணா பேப்பரை மடிச்சு விசிறினா, அதுவும் காத்துதானேன்னு அதையும் நிறுத்தச் சொன்னேன். கீறல் நிக்கலை.

அப்புறம் மாடி வீடு. அங்க ஒரு பல் டாக்டர் குடும்பம் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆனா கிரைண்டர்ல மாவு அரைப்பாங்க. தரை அதிருது, மேசை அதிருது, ஊசி அதிருது. நேராப் போய்ச் சொன்னேன். "நான் ரெக்கார்டு கேக்கற நேரத்துல அரைக்காதீங்க."

அந்த டாக்டரம்மா, "அங்கிள், நீங்க எப்ப கேப்பீங்க?"ன்னாங்க.

"எப்ப வேணும்னாலும் கேப்பேன்" அப்படின்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அன்னிலேர்ந்து அவங்க எங்ககூடப் பேசறதில்லை. ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை தம்பி.

கைதட்டற சத்தமா? இல்லை இல்லை, உக்காருங்க. இது பாட்டுக்கு இல்லை, அறிவிப்பு பண்றவருக்கு. நான் சொல்றேன், நீங்க உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், கிரைண்டர். அதுவும் இல்லைன்னு ஆனப்புறம், மிஞ்சினது சுகுணா. அவளுக்கு இடது முட்டியில வலி. இடது காலைக் கொஞ்சம் பலமா ஊனி வைப்பா. தொம், தொம்னு. கவனிச்சுப் பாத்தேன். அவ சமையக்கட்டுலேர்ந்து ஹாலுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஊசி நடுங்கற மாதிரியே இருந்துச்சு. "ரெக்கார்டு ஓடும்போது நீ எங்க இருக்கியோ அங்கயே நில்லு"ன்னு சொன்னேன். பாவம், நிப்பா. ஒரு நாள் பின்கட்டுல துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா, நான் நாகஸ்வரத்தைப் போட்டுட்டேன், ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியற வரைக்கும் வெயில்ல கையில ஈரத்துணியோட நின்னா. குழம்பு அடிப்புடிச்சுப் போச்சு. அந்த மாதிரி விஷயத்துல நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ஒரு தரம் உள்ளேயிருந்தபடியே குரல் கொடுத்தா. "ஏங்க, அந்தக் காசை எடுத்துட்டு ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"காசை எடுத்தா ஊசி குதிக்கும்."

"ஊசி பழசா இருந்தாலும் குதிக்குமாமே? புத்தகத்துல போட்டிருக்கு. ஊசி தேஞ்சிருக்கும், மாத்தணும்னு."

"ஊசி முனை வைரம் சுகுணா. வைரம் தேயுமா?"

உள்ளே புத்தகத்தை மூடற சத்தம் கேட்டுது. வைரம்னப்புறம் அதுல படிக்க என்ன இருக்கு?

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். கவனமாக் கேளுங்க.

அவ பீரோவுல, பட்டுப் புடவைக்கெல்லாம் அடியில, தலையணை உறையில சுத்தி ஒரு சாமான் வெச்சிருந்தா. கல்யாணத்தப்பவே கொண்டு வந்ததாம். நான் பாத்ததே இல்லை. ஒரு நாள் இன்ஷூரன்ஸ் சம்பந்தமா ஏதோ தேடும்போது கையில தட்டுப்பட்டுது. பிரிச்சுப் பாத்தா ரெக்கார்டு! அவ படிச்ச காலேஜோட வெள்ளி விழாவுக்கு மாணவிங்க பாடி, காலேஜே போட்ட ரெக்கார்டு. கடையில வித்ததில்லை. பாடினவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்களாம். உறையில வரிசையா நிக்கற பொண்ணுங்க போட்டோ. நடுவில ரெட்டைப் பின்னலோட இவ.

"நீ பாடுவியா?"ன்னு கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "பாடுவேனே"ன்னா.

இருங்க, இதைத் தெளிவாச் சொல்லிடறேன். பாடாதேன்னு நான் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. கல்யாணம் ஆன புதுசுல சமையக்கட்டுல ஏதோ பாடிக்கிட்டேதான் வேலை செய்வா. எங்கம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி. சத்தம் ஆகாது. எனக்கு சாயங்காலம் ரேடியோவுல செய்தி கேக்கணும். "செய்தி நேரத்துல வேண்டாமே"ன்னு மட்டும் சொன்னேன். அப்புறம் அவளே நிறுத்திக்கிட்டா. நான் என்ன பண்றது?

சரி, அந்த ரெக்கார்டைப் போடலாம்னேன். அவ வேண்டாம்னுட்டா. தலையணை உறையோட நெஞ்சுல அணைச்சுப் புடிச்சுக்கிட்டு, "எல்லா ரெக்கார்டும் வீணாப் போகுது. இது ஒண்ணாவது இருக்கட்டும்"னா. எனக்குச் சுருக்குனு ஆச்சு. என் மேல அவ்வளவுதான் நம்பிக்கை. "நான் சரி பண்ணிட்டேன் சுகுணா"ன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் மேசைக் கால்ல ஒரு அட்டையைச் செருகி மட்டம் பாத்திருந்தேன். அதனால அது பொய்யில்லை.

போட்டேன். அருமையா ஓடுச்சு. ஒரு கீறல் இல்லை. அத்தனை பொண்ணுங்களும் சேந்து பாடறாங்க, நடுவில எல்லாக் குரலும் அடங்கி ஒரு குரல் மட்டும் எழும்புது. "நெடுவெயில் தாண்டி வந்த மழையே, என் முற்றம் நீ அறிவாய்." காலேஜ்ல தமிழ் சொல்லிக் கொடுத்த அம்மா யாரோ எழுதின பாட்டாம். அந்தக் குரல் இவளோடது. இவ சமையக்கட்டு வாசல்ல கையைப் புடவையில துடைச்சபடி நிக்கறா. இத்தனை வருஷத்துல அவ அதைக் கேட்டதே இல்லையாம், வீட்டுல பிளேயர் ஏது? பாட்டு முடிஞ்சதும் என்னைப் பாத்தா. ஏதோ சொல்லுவேன்னு எதிர்பார்க்கற மாதிரி.

நான் மனசு விட்டுச் சொன்னேன். "பாரு, காசு வெச்சதுல எவ்வளவு தெளிவாக் கேக்குது!"

அவ உள்ளே போயிட்டா.

அதுக்கப்புறம் நடந்ததுதான் துரதிர்ஷ்டம். என் ஆராய்ச்சி தொடர்ந்துச்சு இல்லையா? கீறல் எதனால விழுதுன்னு கண்டுபிடிக்கணும்னா, கீறலே இல்லாத ஒரு ரெக்கார்டு வேணும். கீறல் விழுந்த ரெக்கார்டுல சோதிச்சா பழைய கீறல் எது, புதுக் கீறல் எதுன்னு எப்படித் தெரியும்? வீட்டுல கீறல் இல்லாத ரெக்கார்டு அது ஒண்ணுதான். அதனால அதைப் போட்டேன். ஜன்னலைத் திறந்து போட்டேன், மூடிப் போட்டேன். மேசையை வடக்குப் பாத்துத் திருப்பிப் போட்டேன். சுகுணா கோயிலுக்குப் போற நேரமாப் பாத்துத்தான் செய்வேன், அவ இருந்தா நடப்பாளே.

ஒரு நாள் அவ கொஞ்சம் சீக்கிரம் திரும்பிட்டா. வாசல்ல செருப்பைக் கழட்டறா, உள்ளே ரெக்கார்டு ஓடுது. "நெடுவெயில் தாண்டி வந்த" அப்படின்னு வந்துச்சு. வந்து, டக். "வந்த". டக். "வந்த". டக். "வந்த". ஊசி அந்த இடத்தைத் தாண்ட மாட்டேங்குது.

அவ கையில அர்ச்சனைத் தட்டு. அப்படியே நிக்கறா. நான் ஊசியைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சேன். கூட்டப் பாட்டு வந்துடுச்சு. இவ பாடின அந்த வரிகள் மட்டும் இல்லை.

"என் குரல் போச்சா?"ன்னு கேட்டா.

"குரல் எங்க போகுது? ரெண்டு மூணு சுத்துதான் போச்சு. மத்த பாட்டெல்லாம் அப்படியே இருக்கு"ன்னேன்.

அழலை தம்பி. கத்தலை. தட்டைப் பூஜை அலமாரியில வெச்சுட்டு, காபி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தா. சர்க்கரை போட மறந்துட்டா. எனக்கும் வருத்தம்தான், நான் என்ன கல்லா? மறுநாளே பெரிய கடைவீதிக்குப் போய் ரெக்கார்டு துடைக்கற வெல்வெட் பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வந்து அவ கையில கொடுத்தேன். நல்ல பிரஷ். அதை அவ அலமாரி மேல வெச்சா, இன்னும் அங்கதான் இருக்கு. பிரிக்கவே இல்லை.

என்னம்மா? தன்னார்வலரா நீ? அடுத்தது சுகுணா ஆன்ட்டியா? முன் வரிசையில எனக்கு நாற்காலி போட்டிருக்கா? சரிம்மா, நீ போ, இதோ வந்துடறேன். இவருக்கு ஒரு விஷயம் சொல்லிக்கிட்டிருக்கேன், பாதியில விட்டா நல்லா இருக்காது.

உக்காருங்க தம்பி. அறிவிப்பு பண்றவர் எப்படியும் நாலு வார்த்தை பேசுவார். நேரம் இருக்கு.

இவ்வளவு உழைச்சிருக்கோமே, நாலு பேருக்குக் காட்டணும்னு தோணிச்சு. கூட வேலை பார்த்தவங்களைக் குடும்பத்தோட கூப்பிட்டேன். "இசை மாலை"ன்னு பேரு வெச்சேன். மெக்கானிக்கல் ஞானராஜ் வந்தார், அவர் சம்சாரம் ஸ்டெல்லா மேடம் வந்தாங்க. அவங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இன்னும் ரெண்டு மூணு பேர் வந்தாங்க. நான் பிளேயரைப் பத்தி ஒரு சின்ன விளக்கம் கொடுத்தேன். ஞானராஜ் தூங்கிட்டார். அவர் காலேஜ்லயே அப்படித்தான்.

எந்த ரெக்கார்டைப் போட்டாலும் அப்பளச் சத்தம். எனக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. சரி, நம்ம குடும்பத்துப் பெருமையைக் காட்டலாம்னு சுகுணாவோட ரெக்கார்டை எடுத்தேன். அந்த இடம் வரும்போது ஊசியைக் கையால லேசாத் தூக்கித் தாண்டி வெச்சுடலாம்னு திட்டம். எல்லார்கிட்டயும் உறையைக் காட்டினேன். ரெட்டைப் பின்னலைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. சுகுணா உள்ளே போண்டா போட்டுக்கிட்டிருந்தா.

பாட்டு ஓடுது. அந்த நேரம் பாத்து ஒருத்தர் என்கிட்ட வோல்ட்டேஜ் பத்தி ஏதோ கேட்டுட்டார். நான் பதில் சொல்லத் திரும்பினேன். "நெடுவெயில் தாண்டி வந்த". டக். "வந்த". டக். "வந்த". எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க. யாரோ ஒரு அம்மா வாயைப் பொத்திச் சிரிக்கறாங்க. நான் எழுந்திருக்கறதுக்குள்ள, சமையக்கட்டுலேர்ந்து சத்தம்.

"மழையே, என் முற்றம் நீ அறிவாய்."

சுகுணா! கையில ஜல்லிக் கரண்டியோட வாசல்ல வந்து நிக்கறா. அந்தப் பொண்ணு குரல் இல்லை, இது கொஞ்சம் கனத்த குரல், வயசான குரல். ரெக்கார்டு "வந்த, வந்த"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, இவ அது மேலேயே அடுத்த வரிக்குப் போயிட்டா. ஸ்டெல்லா மேடம் எழுந்து, என்னை ஒரு வார்த்தை கேக்காம, ஊசியைத் தூக்கி ஓரமா வெச்சாங்க. ஒரு மெஷினை அதோட சொந்தக்காரரைக் கேக்காமத் தொடலாமா? நீங்களே சொல்லுங்க. நான் வாயைத் திறந்தேன், ஞானராஜ் என் கையைப் புடிச்சு அமுக்கிட்டார். அவர் எப்ப முழிச்சார்னே தெரியலை.

அவ முழுப் பாட்டையும் பாடினா. கூட்டம் பாடற வரிகளையும் அவளே பாடினா. உள்ளே எண்ணெய் காஞ்சு புகை வருது, ஒருத்தரும் எழுந்திருக்கலை. முடிஞ்சதும் ஸ்டெல்லா மேடம் போய் அவளைக் கட்டிக்கிட்டு, "இத்தனை வருஷம் எங்கம்மா இருந்தீங்க?"ன்னாங்க.

இவ, "இங்கதான்"னா. "இதே வீட்டுலதான்."

எல்லாரும் அவளைச் சுத்தி நின்னுட்டாங்க. போண்டா அடுப்பிலேயே கருகிச்சு. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, தாயுமானவன் இந்த ஸ்பீக்கரை எப்படி இணைச்சீங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கலை.

என்ன தம்பி, நான் பேசறது கேக்குதா? உள்ளே சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு. கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, நானும் சத்தமாச் சொல்றேன்.

அதுலேர்ந்து புடிச்சுது சனியன். ஸ்டெல்லா மேடம் நடத்தற குழுதான் இது. தினமும் சாயங்காலம் கார் அனுப்பிடுவாங்க. இவ புடவை மாத்திக்கிட்டுக் கிளம்பிடுவா. முட்டி வலி எங்க போச்சுன்னு தெரியலை. "காபி பிளாஸ்க்ல இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடறா. திரும்பி வந்து, சமையல் பண்ணும்போதும் பாட்டு. செய்தி நேரத்துலயும் பாட்டு. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினா அவ சுருதியைக் கூட்டறா. மாடி வீட்டு டாக்டரம்மா வந்து அவகிட்ட மட்டும் பேசிட்டு, சின்னப் பொண்ணைப் பாட்டுக்குச் சேத்துட்டுப் போறாங்க. என் பக்கம் திரும்பறதே இல்லை.

ஒரு விதத்துல பாத்தா அவ வெளியில போறது என் ஆராய்ச்சிக்கு உதவியாத்தான் இருந்துச்சு. கோயிலுக்குப் போனா சீக்கிரம் திரும்பிடுவா, இப்ப சாயங்காலம் முழுக்க வீட்டுல அவ நடமாட்டமே இல்லை, அந்த நேரத்துல ரெக்கார்டைப் போட்டுப் பாத்தேன். அப்பவும் கீறல் விழுது! அப்படின்னா அவ நடக்கறது காரணம் இல்லை. அவளையும் விலக்கியாச்சு. ஒரு உண்மையை நிரூபிச்சா அதை ஒத்துக்கணும், நான் ஒத்துக்கிட்டேன். அவகிட்ட சொன்னேனான்னு கேக்கறீங்களா? எதுக்குச் சொல்லணும்? அவதான் இப்பல்லாம் ரெக்கார்டு ஓடும்போது நடக்கறாளே.

இப்ப என் சந்தேகம் ரோடு மேல. புது பைபாஸ் போட்டதுலேர்ந்து லாரி எல்லாம் எங்க தெரு முனை வழியாத்தான் திரும்புது. பூமிக்கு அடியில அதிர்வு வருது, கண்ணுக்குத் தெரியாது. அதிகாரிக்கு மனு கொடுத்திருக்கேன். பதில் இல்லை. "எந்த மெஷின் பாதிக்கப்படுது?"ன்னு மனு வாங்கின கிளார்க் கேட்டார். ரெக்கார்டு பிளேயர்னேன். பேனாவைக் கீழ வெச்சுட்டார். இந்த நாட்டுல சங்கீதத்துக்கு மரியாதை இல்லை தம்பி.

போன வாரம் இவ கிளம்பும்போது கேட்டேன். "உன்னோட இந்த நிகழ்ச்சிக்கு நானும் வரணுமா?"

வாசல்ல நின்னு புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டே, "வந்து கேட்டா நல்லா இருக்கும்"னா.

வந்துட்டேன் பாத்தீங்களா? லாரி மனு விஷயமா ஒரு ஆளைப் பாக்க வேண்டியிருந்துச்சு, அதை விட்டுட்டு வந்திருக்கேன். இதெல்லாம் அவளுக்குப் புரியுமான்னு தெரியலை.

அடேயப்பா, என்ன இப்படிக் கைதட்டறாங்க! நிறுத்தவே மாட்டேங்கறாங்களே. எழுந்து நின்னு தட்டறாங்க போல. நாற்காலி எல்லாம் கிரீச் கிரீச்சுன்னு இழுபடுது. இதான் சரியான நேரம், நீங்க உள்ளே போங்க. ஓ, கதவே திறந்துடுச்சு. முடிஞ்சுடுச்சா? மொத்தமுமா? இன்னும் கூட்டப் பாட்டு ஒண்ணு இருக்கும்னு நினைச்சேன். உங்க அம்மா பாடினதை நீங்க கேட்டிருக்கலாம். முன்னாடியே வந்திருக்கணும் தம்பி, கடைசி நேரத்துல வந்தா இப்படித்தான்.

அதோ, அதோ வரா பாருங்க. அந்தக் கத்திரிப்பூக் கலர் புடவை. சுத்தி எத்தனை பேர்! சுகுணா! இங்க, இங்க இருக்கேன். கொஞ்சம் வழி விடுங்கம்மா, என் வீட்டுக்காரம்மாதான்.

கேட்டேன், கேட்டேன், இங்கயிருந்தேதான் கேட்டேன். உள்ளே ஏசி சரியில்லை இல்லையா. நல்லா இருந்துச்சு சுகுணா. ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் கொஞ்சம் கரகரன்னுச்சு, ஸ்டெல்லா மேடம்கிட்ட சொல்லி வை.

என்னது?

நீ என்ன பாட்டுப் பாடினேன்னா கேக்கறே? இது என்ன கேள்வி? அதான்... அதான் நீ வீட்டுல பழகுவியே... எல்லாரும் பாக்கறாங்க, வீட்டுல போய்ப் பேசிக்கலாமே. சரி, இவரைக் கேளு. இவரும் என்கூடவேதான் உக்காந்திருந்தார். தம்பி, சொல்லுங்க, இவங்க என்ன பாட்டுப் பாடினாங்க?

என்ன தம்பி முழிக்கறீங்க? இவ்வளவு நேரம் கதவுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, அதைக்கூடவா கவனிக்கலை நீங்க?